லியோட்டா ப்ரூயிட் கேட்ட சத்தம்

லியோட்டா ப்ரூயிட்டின் வலது கையில் இரண்டு விரல்கள் கோணல். புதிதாகக் கை குலுக்குகிறவர்கள் ஒரு கணம் கீழே பார்ப்பார்கள். இளம் வயதில் பஞ்சு ஆலையின் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு, பேட் பிடிப்பவளின் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தார். பேட்டின் விளிம்பை உரசிவிட்டு வரும் பந்து க்ளவுஸுக்குள் போகவில்லை என்றால் விரலைத்தான் தேடிப் போகும். மருத்துவர் போட்ட கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு அடுத்த ஆட்டத்திலேயே உட்கார்ந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அவரிடம் கேட்டால், "கட்டு அழுக்காயிடுச்சு, அவுத்துட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆடுவதை நிறுத்திய பிறகு அம்பயர் ஆனார். ஓக்லஹோமாவின் தென்மேற்கில், எங்கள் வேலண்ட் ஊரைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் அவர் தீர்ப்புச் சொல்லாத மைதானம் கிடையாது. பகலில் ஆலையில் வேலை. பஞ்சை அமுக்கிப் பொதியாகக் கட்டும் இயந்திரத்துக்கு வலப்பக்கம் நிற்பார். கணவர் லைல் எண்ணெய்க் கிணற்று வேலைக்காக வெளியூர் போய்ப் போய், ஒரு கட்டத்தில் வெளியூரிலேயே இருந்துவிட்டார். மகன் அமரில்லோவில். வீட்டில் அவர் மட்டும்.

நான் டாய்ல், பண்ணை வீடுகளுக்குக் காஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறவன். பல வருடங்கள் அவருக்குத் துணை அம்பயராக நின்றேன். அவர் ரன் முடியும் ப்ளேட் பக்கம், கேட்சருக்குப் பின்னால்; நான் ஓடுகிறவர்கள் தொடும் பேஸ்களுக்கு அருகே. இருவரும் ஒரே காரில் போவோம், ஒரே காரில் திரும்புவோம். நீலச் சட்டை போட்டிருப்பதால் அம்பயர்கள் எல்லோருக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே பெயர்தான். திட்டுகிறவனும் "ப்ளூ" என்பான், தண்ணீர் கொடுக்கிறவனும் "ப்ளூ" என்பான்.

லியோட்டாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஃபவுல் டிப். அந்த விளையாட்டில் கண்ணை நம்பித் தீர்க்க முடியாத விஷயம் அது ஒன்றுதான். பந்து பேட்டை லேசாக உரசி நேராகக் கேட்சரின் கைக்குள் போய்விட்டால் அது ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக்கானால் பேட் பிடித்தவள் அவுட். பந்து உயிரோடு இருக்கிறது, பேஸில் நிற்கிறவள் ஓடலாம். உரசிவிட்டுக் கைக்கு வராமல் கீழே விழுந்தால் ஃபவுல். பந்து செத்துவிட்டது, ஓடியவள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். உரசவே இல்லாமல் கீழே விழுந்தால் கதை வேறு. பந்து உயிரோடுதான் இருக்கிறது, மூன்றாவது ஸ்ட்ரைக்காக இருந்தால் பேட்டைப் பிடித்தவளே முதல் பேஸுக்கு ஓடலாம். இவ்வளவும் ஒரு சின்னச் சத்தத்தைப் பொறுத்தது. நகத்தால் மேசையைச் சுண்டினால் வருமே, அவ்வளவுதான். காற்றும் கூட்டத்தின் கூச்சலும் பெஞ்சில் இருக்கும் பெண்கள் பாடும் பாட்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் அதைக் கேட்க வேண்டும்.

லியோட்டாவுக்குக் கேட்கும். அது எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரிந்திருந்தது. விதியும் அவருக்கு விரல் நுனியில். டன்லோ பள்ளியின் பயிற்சியாளர் ஸ்டால்கப் ஒருமுறை ஓடி வந்தார். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் பேட்டை உரசிய பந்து கேட்சரின் முகமூடியில் அடித்துத் துள்ளி அவள் க்ளவுஸில் விழுந்திருந்தது.

"பிடிச்சுட்டாளே ப்ளூ. கீழ விழவே இல்லையே."

"முதல்ல எதுல பட்டுச்சு?"

"க்ளவுஸ்லதான் இருக்கு. பாருங்க, இன்னும் வச்சிருக்கா."

"இப்ப எங்க இருக்குன்னு கேக்கல. முதல்ல எதுல பட்டுச்சு?"

ஸ்டால்கப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "முகமூடியில."

"அப்ப செத்த பந்து. செத்ததப் பிடிச்சா அவுட் கிடையாது கோச். போய் உக்காருங்க, வெயிலா இருக்கு."

அவர் அம்பயராக நின்ற கடைசி வருட ஆகஸ்டில்தான் நான் முதலில் கவனித்தேன். ஓல்டன் ஊர் மைதானம். சந்தேகமான பந்து ஒன்று வந்தது. கேட்சர் அதைத் தவறவிட்டாள். லியோட்டா உடனே கையைத் தூக்கவில்லை. தலையை நிமிர்த்தி, என்னைத் தாண்டி, இடப்பக்க மூலை வேலியை ஒரு கணம் பார்த்தார். பிறகுதான் இரு கைகளையும் உயர்த்தி ஃபவுல் என்றார். யாரும் தகராறு செய்யவில்லை. பேட் பிடித்தவளே தலையாட்டினாள்.

அதே ஆட்டத்தில் இன்னொரு முறையும் அப்படியே நடந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

வேலிக்கு வெளியே ஓர் எண்ணெய்க் கிணறு இருந்தது. அதன் இரும்புத் தலை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றார். மண் வேகும் வெயிலில் காக்கி நிற முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். தொப்பி இல்லை. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் தொப்பி இல்லாமல் வெளியே நிற்பவனை நான் அதுவரை பார்த்ததில்லை. மார்புக்கு நேரே ஒரு கையின் விரல்களை மறு கையின் விரல்கள்மேல் உரசிக்கொண்டிருந்தார்.

அது அம்பயர்களின் சைகை. பேட்டில் பட்டது என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் கேட்டேன். "அந்த மூலையில நின்னாரே, யாரு அவரு? பழைய அம்பயரா?"

லியோட்டா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். "ஏசியக் கொஞ்சம் கூட்டு" என்றார்.

அடுத்து ப்ளெயர் க்ரீக்கில் ஆட்டம். எந்த மைதானத்துக்கு எங்களை அனுப்புவது என்று முடிவு செய்பவர் கோய் ராக்லி. அன்று எங்களுக்கு வேறு ஊர் சொல்லியிருந்தார். அங்கே குழாய் உடைந்து மைதானம் சேறாகிவிட்டதால், நாங்கள் பாதி வழியில் இருக்கும்போது போன் செய்து ப்ளெயர் க்ரீக்குக்குப் போகச் சொன்னார். நாங்கள் போய் இறங்கியபோது அந்த ஆள் இடப்பக்க மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

அங்கே வரப்போகிறோம் என்பது எங்களுக்கே பாதி வழியில்தான் தெரியும்.

இடைவேளையில் தின்பண்டக் கடைக்குப் போனேன். ட்வைலா என்ற அம்மாள்தான் அங்கே எப்போதும் நிற்பார். சோளச் சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்து அதிலேயே சூடான கறியை ஊற்றிக் கொடுத்தார்.

"ட்வைலா, அந்த மூலையில நிக்கிறவர் உங்க ஊர்க்காரரா?"

"எவன், அந்தக் காக்கிச் சட்டையா? எனக்கென்ன தெரியும். நான் கடையத் திறக்க வரும்போதே நிக்கிறான். கார் ஒண்ணும் இல்ல. ஒரு சோடாகூட வாங்கல. வெயில்ல செத்துக் கித்துப் போவப்போறான்னு நான்தான் ஒரு தண்ணி பாட்டில் கொண்டுபோனேன்."

"பேசினாரா?"

ட்வைலா கரண்டியைக் கீழே வைத்தார். "வேலியப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கையப் பாத்தேன். விரலெல்லாம் கேட்சர் கை மாதிரி, ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். பாட்டிலக் கீழ வச்சுட்டு வந்துட்டேன். ஏன்னு கேக்காத. அங்க நிக்கப் பிடிக்கல."

ஆட்டம் முடிந்ததும் அந்த மூலைக்குப் போனேன். ஆள் இல்லை. பாட்டில் மூடி திறக்காமல் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்க நெருஞ்சி படர்ந்திருந்தது. நான் நடந்து திரும்புவதற்குள் என் ஷூ அடி முழுக்க முள் ஏறி, கார் மிதிப்பலகையில் கறக் கறக் என்று உரசியது. ஒரு மதியம் பூராவும் ஒருவர் நின்ற இடம் அது. நான் மிதித்த இடத்தில் கொடி நசுங்கியிருந்தது. வேறெங்கும் நசுங்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து சாலையோரக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். பணிப்பெண் லியோட்டாவுக்குப் பின்னால் வந்து நின்று, ரொட்டிக்கு வெண்ணெய் வேண்டுமா, குழம்பு வேண்டுமா என்று கேட்டாள். லியோட்டா திரும்பவில்லை. அவள் மறுபடி கேட்டாள். லியோட்டா உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முன்னால் வந்து முகத்தைக் காட்டியதும், "குழம்பு" என்றார்.

நான் முட்கரண்டியைக் கீழே வைத்தேன். பல வருடங்களாக அவர் ஏன் என் முகத்தைப் பார்த்தே பேசுகிறார், காரில் மட்டும் ஏன் பாதிப் பேச்சுக்குப் பதில் வருவதில்லை என்பதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது.

"லியோட்டா, உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் என் வாயைப் பார்த்தார். நாப்கினால் தன் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "வலதுல கொஞ்சம் கேக்கும். இடதுல ஒண்ணும் இல்ல. அந்த மிஷின் தின்னுடுச்சு."

"அப்ப டிப்பு?"

"அதான்."

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். எனக்குச் சொல்வதுபோல இல்லை. யாரோ கேட்டு, மறைக்காமல் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்ததுபோல இருந்தது.

"முன்னெல்லாம் கேட்டுச்சு. மத்த எதுவும் கேக்காட்டாலும் அது மட்டும் கேக்கும். இடது காதோரம், நகத்தால சுண்டுன மாதிரி. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் அது கேக்கல. பந்து வந்துச்சு, பேட்டு வந்துச்சு, சத்தம் இல்ல. மைதானமே என் வாயப் பாக்குது. என்ன சொல்லன்னு தெரியாம நிமிந்து பாத்தேன். மூலையில ஒரு ஆள் கையத் தேச்சுக் காட்டுறார். நானும் ஃபவுல்னு கையத் தூக்கிட்டேன். பந்த எடுத்துப் பாத்தா, பேட்டு பெயின்ட்டு ஒரு கோடு."

"அதிலேருந்து?"

"அதிலேருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வர்றார். நான் ப்ளேட்டுக்குப் பின்னால நிக்கிற ஆட்டத்துக்கு மட்டும். ஒரு தடவகூடத் தப்புச் சொன்னதில்ல டாய்ல்."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு? சந்தேகம்னா துணை அம்பயரக் கேக்கலாம். வேலிக்கு வெளிய நிக்கிறவன..."

"எனக்கு விதி சொல்லாத." குரல் உயரவில்லை. "தெரியாமயா செஞ்சேன்."

"நேரா போய் யாருன்னு கேட்டிருக்கலாமே."

"போனேன். போன வருஷம் ஒரு தடவ. அவர் ஓடல, நகரல. நின்னுக்கிட்டுதான் இருந்தார். பக்கத்துல போகப் போக, கேக்குற கொஞ்சமும் நின்னுபோச்சு. காத்து இல்ல. என் ஷூ சத்தம் இல்ல. கடைசில என் மூச்சு எனக்கே கேக்கல. திரும்பிட்டேன்." காபியை எடுத்து, குடிக்காமல் வைத்தார். "இப்ப வேற ஒண்ணு. முன்னெல்லாம் பட்டதுக்கு அப்புறம் கையக் காட்டுவார். இந்தப் பருவத்துல முன்னாடியே காட்டுறார்."

"முன்னாடின்னா?"

"பந்து வீசுற பொண்ணு கையில இருக்கும்போதே. அவ இன்னும் வீசவே இல்ல. இவர் தேய்க்கிறார். அப்புறம் அவ வீசுறா, படுது."

பணிப்பெண் பில்லை வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் இருவரும் அதை எடுக்கவில்லை.

இனி நிற்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அக்டோபர்வரை ஒத்துக்கொண்டாயிற்று, நடுவில் விட்டால் கோய் ஆளுக்கு எங்கே போவார் என்றார். உண்மை என்னவென்றால், அந்த மைதானத்துக்கு வெளியே அவருக்கு வேறு வாழ்க்கை இல்லை. வேலண்டில் அவரை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. ஆனால் மைதானத்துக்குள் அவர் முகமூடியைப் போட்டதும் இரண்டு பெஞ்சும் அமைதியாகும். அதை விடுவது எளிதில்லை.

பிராந்திய இறுதிப் போட்டி ப்ளெயர் க்ரீக்கில் நடந்தது. எங்கள் பக்கத்தில் காற்று ஓயாது. நாய் ஊளையிட்டாலும் குழந்தை அழுதாலும் கூடவே காற்றும் இருக்கும். அன்று மதியம் காற்று நின்றுவிட்டது. கொடிக்கம்பத்தில் துணி செத்ததுபோலத் தொங்கியது. தானியக் கிடங்குக்குப் பின்னால் வானம் பழைய காயம்போல மஞ்சளும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. புயல் வடக்கே போய்விடும் என்று ரேடியோவில் சொன்னதால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. சுழற்புயலுக்கு முன்னால்தான் அப்படி நிற்கும் என்பதால், காற்று நிற்பதை எங்களில் யாரும் விரும்புவதில்லை. பெற்றோர்கள் இருக்கைகளில் குரலைத் தாழ்த்தியே பேசிக்கொண்டார்கள்.

அன்று மூலையில் ஆள் இல்லை. லியோட்டா முதல் சுற்றிலேயே இரண்டு முறை பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். நடுவில் தண்ணீர் குடிக்க வந்தபோது அவர் முகத்தில் நான் வெகுநாள் பார்க்காத ஒரு லேசு இருந்தது.

"வரல" என்றார்.

"வரல" என்றேன்.

கடைசிச் சுற்று. ஸ்டால்கப்பின் டன்லோ அணி ஒரு ரன் முன்னால். ப்ளெயர் க்ரீக் பேட் பிடிக்கிறது. இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் ஒருத்தி நிற்கிறாள். பேட் பிடித்திருந்தவள் ஜெரிக்கா என்ற உயரமான பெண். அவளுக்கு ஏற்கனவே இரண்டு ஸ்ட்ரைக். டன்லோவின் கேட்சர் பெயர் கென்லி. நான் இரண்டாவது பேஸுக்குப் பின்னால், இடப்பக்க மூலைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

லியோட்டா குனியப் போனவர் நின்றார். என்னைத் தாண்டிப் பார்த்தார். முகமூடிக்குள் அவர் முகம் தெரியவில்லை, ஆனால் தோள் இறங்கியது தெரிந்தது.

நான் திரும்பினேன். அந்த ஆள் நின்றிருந்தார். இந்த முறை சற்றும் தள்ளி இல்லை. வேலியை ஒட்டி, கம்பி மார்பில் அழுந்தும்படி நின்றிருந்தார். கையை உரசிக்கொண்டிருந்தார். ஒருமுறை உரசி நிறுத்தவில்லை. கையில் ஒட்டிய எதையோ துடைக்கிறவன்போல, மறுபடி, மறுபடி, மறுபடி. பந்து இன்னும் வீசுகிறவள் கையில்தான் இருந்தது.

நான் மறுபடி ஆட்டத்தின் பக்கம் திரும்பினேன். வீசுகிறவளுக்கு இதெல்லாம் தெரியாது. கை சுழன்றது.

சத்தம் எனக்குக் கேட்டது. சின்னதாக, தெளிவாக, நகத்தால் சுண்டியதுபோல. அந்தக் காற்றில்லாத மதியத்தில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஜெரிக்கா பேட்டைச் சுழற்றினாள். பந்து கென்லியின் க்ளவுஸ் விளிம்பில் மோதி, பின்னால் வலைவரை உருண்டது. மூன்றாவது பேஸிலிருந்தவள் ஓடி வந்தாள். பெஞ்சிலிருந்து கத்தினார்கள், ஜெரிக்கா பேட்டைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓடினாள். கென்லி வலைக்கு ஓடினாள்.

பட்டிருந்தால் பந்து செத்தது; எல்லோரும் திரும்ப வேண்டும், ரன் இல்லை. படவில்லை என்றால் ரன் உண்டு, ஆட்டம் சமன்.

லியோட்டா கையைத் தூக்கவில்லை. வேலியை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைக் குனிந்து ப்ளேட்டைப் பார்த்தார். ஓடி வந்தவள் அதை மிதித்தாள். லியோட்டா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். ரன் உண்டு.

ஸ்டால்கப் பெஞ்சிலிருந்து புறப்பட்டுவிட்டார். "பட்டுச்சு ப்ளூ. காது உள்ள எல்லாருக்கும் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

வேண்டுமென்று சொன்னதில்லை. ஆனால் லியோட்டாவின் கழுத்து சிவந்தது.

"துணை அம்பயரக் கேக்கறேன் கோச். நீங்க இங்கயே நில்லுங்க."

நடந்து வந்தார். என் முகம் வெளிச்சத்தில் இருக்கும்படி என்னைத் திருப்பி நிறுத்தினார். முகமூடியைக் கழற்றியிருந்தார், நெற்றியில் அதன் பட்டை அழுந்திய தடம்.

"என்ன கேட்ட டாய்ல்?"

"சத்தம் கேட்டேன்."

"எங்கேருந்து?"

"முன்னாலேருந்து இல்ல" என்றேன். "என் முதுகுக்குப் பின்னாலேருந்து. அவ பேட்ட அசைக்கிறதுக்கு முன்னாடி."

அவர் அதை வாயசைவில் படித்தார். சரியாகப் படித்தோமா என்பதுபோல என்னையே பார்த்தார். "பேட்டுலேருந்து ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

"நான் பாத்ததும் அதான். பந்து கோடு மாறல." வேலிப் பக்கம் திரும்பாமலே போனார். ஸ்டால்கப்பிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "படல கோச். ரன் உண்டு."

ஆட்டம் கூடுதல் சுற்றுக்குப் போனது. ப்ளெயர் க்ரீக் வென்றது. டன்லோ பெண்கள் சிலர் அழுதார்கள். ஸ்டால்கப் எங்களுக்குக் கை கொடுக்காமல் பஸ்ஸில் ஏறினார். நான் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவும்போது கென்லி பக்கத்தில் வந்து க்ளவுஸைக் கழற்றினாள்.

"சார், அந்த மேடம்கிட்ட சொல்லிடுங்க. படல. பட்டிருந்தா என் கைக்குத் தெரியும்."

"உங்க கோச்கிட்ட சொல்லலையா?"

"கோச் என்னக் கேக்கல சார்."

மூலையில் யாரும் இல்லை. லியோட்டா காரில் உட்கார்ந்திருந்தார். பாதி தூரம் வந்ததும் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. ஒரு பாலத்தடியில் ஒதுங்கி நின்றோம். இரும்புக் கூரையில் கல் கொட்டுவதுபோலச் சத்தம். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"கேட்சர் பொண்ணு சொன்னா, படலையாம்" என்றேன், அவர் பார்க்கும்படி திரும்பி.

தலையாட்டினார். "முதல் தடவ தப்புச் சொல்லியிருக்கார். தப்பா, பொய்யா, தெரியல." பிறகு இடது காதில் கையை வைத்தார். "நான் கையை விரிச்சேன் பாரு, அப்ப இதுல ஒண்ணு கேட்டுச்சு. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவ."

"அந்தச் சுண்டுற சத்தமா?"

"இல்ல. நாக்கால. 'ப்ச்'னு. ஏமாந்துபோனவன் பண்ணுவானே, அது. இங்க, காதுக்குள்ளயே."

கல்மழை நின்ற பிறகும் நாங்கள் உடனே கிளம்பவில்லை.

திங்கட்கிழமை அவர் கோய் ராக்லியின் வீட்டுக்குப் போய் இனி வரமாட்டேன் என்றார். காரணம் காது என்றார். கோய் சிரித்தார். "உனக்கா? இந்த மாகாணத்துலயே நல்ல காது உன்னோடதுதான்னு நான் ஊர் பூரா சொல்லிட்டிருக்கேன்." லியோட்டா சிரிக்கவில்லை. நீலச் சட்டைகளைத் துவைத்து மடித்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

நவம்பரில் என் லாரியிலேயே அவரை லாட்டனில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அறைக்குள் என்னையும் இருக்கச் சொன்னார். இளம் வயது மருத்துவர். பொறுமையாக எல்லாம் செய்தார். முடிவில் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். வலது காதில் கனத்த சத்தம் மட்டும் விழும். மெல்லிய, கூர்மையான சத்தம் எதுவும் இரண்டிலும் விழாது. இடது காது முழுக்க இல்லை.

"இந்த இடது காது போயி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் லியோட்டா.

மருத்துவர் தலையை அசைத்தார். "ரெண்டு வருஷத்துல இப்படி ஆகாதும்மா. இது போயி பத்துப் பன்னெண்டு வருஷத்துக்குக் குறையாது."

"அதுல எனக்கு ஒரு சத்தம் கேட்டுட்டிருந்துச்சு. தெளிவா."

"எந்த மாதிரிச் சத்தம்?"

லியோட்டா மேசை விளிம்பை நகத்தால் சுண்டினார்.

"அது கேட்டிருக்கவே முடியாது" என்றார் மருத்துவர், கனிவாகத்தான். "காது போனவங்களுக்குச் சில நேரம் உள்ளுக்குள்ளயே சத்தம் கேக்கும். மூளை பண்றது."

"மூளை பண்றது சரியாவா இருக்கும்? ஒரு தடவகூடத் தப்பாம?"

மருத்துவர் தாளை மடித்தார். கருவி பொருத்துவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வெளியே வந்து லாரியில் ஏறியபின் லியோட்டா சாவியைப் போடவிடாமல் என் கையைத் தடுத்தார். "அப்ப அத்தன வருஷமும் நான் கேக்கல. என்கிட்ட சொல்லியிருக்காங்க. பக்கத்துல நின்னு சொல்லிட்டிருந்தது விலகிப் போய் வேலியோரம் நின்னுக்கிச்சு, அவ்வளவுதான்." சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டார். "அந்தத் தீர்ப்பெல்லாம் யாரோடது டாய்ல்? தப்பா இருந்திருந்தாக்கூட நான் தூங்கிடுவேன். எல்லாம் சரியா இருந்துச்சே, அதான் தூக்கம் வர மாட்டேங்குது."

"கடைசித் தீர்ப்பு உங்களோடது" என்றேன்.

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

கருவி பொருத்திய முதல் வாரம் அவருக்கு நரகமாக இருந்தது. குளிர்ப்பெட்டி முனகுவது, குழாய் சொட்டுவது, தன் செருப்புச் சத்தம் எல்லாம் புதிது. "எல்லாரும் இவ்வளவு இரைச்சலுக்குள்ளயா இருந்தீங்க, சொல்லவே இல்ல" என்றார். இடது காதுக்குக் கருவி பயனில்லை. அதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். ஆலையில் பொதிக்கட்டு வேலையை விட்டுவிட்டு எடை போடும் அறைக்கு மாறினார். கண்ணாடி அறை, அமைதியான வேலை. கிறிஸ்துமஸுக்கு மகன் வந்து பத்து நாள் தங்கினான். அம்மா இவ்வளவு பேசுவாள் என்று தனக்குத் தெரியாது என்று என்னிடம் சொன்னான்.

மைதானத்துக்கு அவர் திரும்ப வரவில்லை. எனக்குத் துணையாக வேறொருவர் வந்தார். கேட்சருக்குப் பின்னால் இப்போது நான் நிற்கிறேன். என் காதுகள் நன்றாகவே இருக்கின்றன. டிப்பு கேட்டால் கேட்டது என்கிறேன், கேட்காவிட்டால் கேட்கவில்லை என்கிறேன், திட்டு வாங்குகிறேன்.

வசந்தத்தில் அவர் கினிக்கோழிகள் வாங்கினார். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் பாம்பையும் உண்ணியையும் ஒழிக்க வளர்ப்பார்கள். உலகத்திலேயே அவலட்சணமான சத்தம் அவற்றுடையது. துருப்பிடித்த கதவை இழுப்பதுபோல. அந்நியர் யார் வாசலுக்கு வந்தாலும் மொத்தமும் சேர்ந்து கத்தும். காஸ் நிரப்ப நான் போகும்போதெல்லாம் லாரியைச் சூழ்ந்துகொண்டு பிராணனை வாங்கும்.

"இதுங்கள எதுக்கு வச்சிருக்கீங்க? காதுல கருவிய வேற மாட்டிக்கிட்டு" என்று ஒருநாள் கேட்டேன், கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் படியில் நின்று, கோணல் விரல்களால் தவிட்டை அள்ளி வீசிக்கொண்டிருந்தார். கோழிகள் வாயை மூடின. "ஆள் வந்தா கத்துதுங்க, ஆள் போனா நிறுத்துதுங்க" என்றார். "உன்னப் பாத்துக் கத்துச்சுங்க. நீ வந்திருக்க. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. உள்ள வா, பீன்ஸ் வேகுது, சாப்பிட்டுப் போ."